டக்டக் அக்காவின் காதும் கல்லடி பட்ட சைக்கிள்களும்

டயர்க் கடைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு நீளமான அறையில்தான் அக்காவின் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. புதிதாக வருபவர்களுக்கு, "சந்துக்குள்ள போங்க, எங்க டக்டக்னு சத்தம் கேக்குதோ அங்க நில்லுங்க" என்று வழி சொல்வோம். அவருக்கு டக்டக் அக்கா என்று பெயர் வந்ததும் அப்படித்தான். அக்காவின் புருஷன் பஸ் டிரைவர். அக்காவைக் கட்டியவர் என்பதால் எங்கள் எல்லோருக்கும் மாமா.

நாங்கள் என்றால், விடுமுறை நாட்களில் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டும் ஒரு கூட்டம். முடி திருத்துபவர், கணக்கு வாத்தியார், எலக்ட்ரீஷியன், பல் டாக்டர் என்று கதம்பமாக இருப்போம். சேர்ந்தால் சைக்கிளைத் தவிர வேறு பேச்சு வராது. வீட்டில் இருப்பவர்கள் எங்களை எப்போதோ தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார்கள்.

எங்கள் சைக்கிள்களின் பிரேம் கார்பன் நாரால் ஆனது. துணிபோல நெய்த நாரைப் பல அடுக்காகப் படியவைத்து, ரெசின் என்கிற பசையைப் பூசி இறுக்கிச் செய்வது. ஒரு கையால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. ஏறி மிதித்தால் இரும்பு மாதிரி நிற்கும். கல் ஒன்றுதான் அதற்கு ஆகாது. இறக்கத்தில் முன்சக்கரம் வாரியடிக்கும் கல், நேராகக் கீழ்க்குழாயில் வந்து மோதும். ஹேண்டிலுக்குக் கீழிருந்து பெடலை நோக்கிச் சாய்வாக இறங்குகிறதே, அந்தக் குழாய். இரும்பாக இருந்தால் நெளியும்; நெளிந்தது கண்ணில் படும். கார்பன் அடியை வாங்கிக்கொண்டு பழையபடி வழவழவென்று நிற்கும். உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும். அது தெரியாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால், என்றைக்கோ ஒரு இறக்கத்தில் கழுத்தை அறுத்துவிடும்.

அந்தப் பிரிவைக் கண்டுபிடிக்க அக்காவிடம் இருந்தவை ஒரு நாணயமும் அவருடைய காதுகளும்தான். பிரேமைக் கம்பளி விரித்த மேஜையில் படுக்கவைத்து, நாணயத்தின் விளிம்பால் விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடத்தில் 'டிக்' என்று கூர்மையாக ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் 'பொத்' என்று சத்தம் செத்துப்போகும். அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுவார். பிறகு அங்கே மட்டும் சுரண்டி, புது நார் பதித்து, தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொடுப்பார். எங்கே அடிபட்டது என்று சொந்தக்காரருக்கே தெரியாது.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் ஒரு ஃபைபர் படகுப் பட்டறையில் வேலை பார்த்தவர். படகின் வயிற்றுக்குள் குந்திக்கொண்டு, கிரைண்டரால் உட்சுவரைத் தேய்க்கும் வேலை. குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு இடி கேட்பது மாதிரி இருக்குமாம். காதில் கொஞ்சம் பஞ்சு அடைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் பாதுகாப்பு. அந்தப் பட்டறை மூடியபின் வீட்டில் சும்மா இருந்தவரிடம், பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் தன் உடைந்த பிரேமைக் கொண்டுவந்து, "படகையே ஒட்டுவீங்க, இதை ஒட்டித் தர மாட்டீங்களாக்கா?" என்று கேட்டார். அதில் பிடித்ததுதான் இந்தத் தொழில்.

அக்காவை நாங்கள் பெரிய கிண்டல்காரி என்று நினைத்திருந்தோம். ஒருநாள் பல் டாக்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். எங்கள் கூட்டத்துப் பெண்களில் அவர் கெட்டிக்காரி. இறக்கத்தில் அவர் வந்தால் நாங்களே ஒதுங்கி வழிவிடுவோம்.

"கல்லு பட்டுருச்சுக்கா," என்றார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "பல்லா? சைக்கிளை எதுக்கு டாக்டர் கடிச்சீங்க?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்காவும் சிரித்தார். நாங்கள் எதற்குச் சிரித்தோம் என்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது என்பதைப் பிற்பாடு அவரே சொன்னார்.

வீட்டிலும் இதே கூத்துதான். மாமா காலையில் கிளம்பும் அவசரத்தில் "சட்டை எங்க?" என்பார். "சண்டையா? காலங்காத்தால நான் என்னங்க சண்டை போட்டேன்?" என்று அக்கா உண்மையிலேயே சண்டைக்கு வருவார். மாமாவின் குரல் பஸ்ஸின் கடைசி சீட்டுக்கும் எட்டுகிற குரல். அப்படிக் கத்தியே பழகியதால், பெண்டாட்டிக்குக் காது மந்தமாகிறது என்று அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அக்காவுக்கும் வரவில்லை. நாணயம் தேய்ந்துபோனதால்தான் சத்தம் மங்கலாக வருகிறது என்று நினைத்து, பெரிய நாணயமாக மாற்றிக்கொண்டார். கொஞ்ச நாளில் அதுவும் போதாமல் சாவியால் தட்டத் தொடங்கினார்.

அன்றைக்குப் பல் டாக்டரின் சைக்கிளை அக்கா அந்தச் சாவியால்தான் தட்டிப் பார்த்தார். கீழ்க்குழாயில், கண்ணாடி மாதிரித் தெரியும் ஒரு பிளாஸ்டிக் தாளை டாக்டர் ஒட்டியிருந்தார். செல்போன் திரைக்கு ஒட்டுவது போன்றது. இது கொஞ்சம் தடிமன். எங்களில் பாதிப்பேர் அப்படி ஒட்டியிருந்தோம். அது போதும், இனி எந்தக் கல்லும் ஒன்றும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை. தாளில் ஒரு கீறல்கூட இல்லை. அக்கா மேலிருந்து கீழ்வரை தட்டிவிட்டு, "கல்லு மாதிரி இருக்கு. தைரியமா ஓட்டுங்க," என்றார்.

அடுத்த வாரமே டாக்டர் விழுந்தார். பெரிய பள்ளமெல்லாம் இல்லை. சாதாரணமாக எல்லோரும் இறங்கும், ஒரே படி உயரமுள்ள ஒரு படிப்பாறை. சக்கரம் தரையைத் தொட்டதும் கீழ்க்குழாய் கரும்பு முறிவது மாதிரி முறிந்தது. டாக்டருக்குத் தோள் எலும்பு உடைந்தது. வலது தோள். பல் பிடுங்குகிற கை.

கையைக் கழுத்தோடு சேர்த்துத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு, முறிந்த பிரேமை ஆட்டோவில் ஏற்றி அவர் பட்டறைக்கு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். டாக்டர் சத்தம் போடவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"நீங்க நல்லாருக்குன்னு சொன்னீங்க. அதை நம்பித்தான் போனேன்."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் பாத்து அனுப்புனது நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர். நடுவுல புதுசா எங்கயாவது அடி வாங்கியிருக்கும்."

"புதுசா எங்கயும் படல."

"உங்களுக்குத் தெரியாம பட்டிருக்கும். இருங்க, காட்டறேன்." அக்கா பிரேமை மேஜையில் போட்டார். முறிந்த இடத்தை விட்டுவிட்டு, அதற்கு மேலே ஒரு சாண் தள்ளித் தொடங்கி, முறிவை நோக்கித் தட்டிக்கொண்டே வந்தார். "கேளுங்க. இங்க நல்லாருக்கா? இங்க? இங்க? எல்லாம் ஒண்ணுபோல இருக்குல்ல? ஏற்கெனவே பிரிஞ்சிருந்தா இங்கயெல்லாம்—"

அந்த நேரம் மாமா தூக்கில் டீ வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அவருக்கு இந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் உலகம் கியரும் பிரேக்கும்.

"ஏம்மா, அந்த எடத்துல மட்டும் ஏன் சத்தம் மொத்துன்னு வருது?" என்றார்.

அக்கா நிறுத்தினார். "எந்த எடத்துல?"

"இப்பத் தட்டுனியே. அதுக்கு முந்தி டிங்குனு வந்துச்சு. இப்ப தலையணையைத் தட்டுன மாதிரி வருது."

அக்கா மறுபடி தட்டினார். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஒன்று கூர்மை, இன்னொன்று மழுங்கல். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார்.

"உங்களுக்கும் கேக்குதா?"

டாக்டர் தலையாட்டினார்.

அக்கா பிளாஸ்டிக் தாளை நகத்தால் உரித்தார். கத்தியால் அந்த இடத்தை லேசாகக் கிளறினார். புதிதாக முறிந்த இடம் கன்னங்கரேல் என்று சுத்தமாக இருந்தது. இங்கே, தாளின் ஓரம் வழியாக இறங்கிய சேற்றுத் தண்ணீர் அடுக்குகளுக்கு நடுவில் புகுந்து சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடந்தது. பழைய பிரிவு. அவர் தட்டிப் பார்த்து அனுப்புவதற்கு முன்பே இருந்தது.

சாவியை மேஜையில் வைத்துவிட்டு அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். "எனக்குக் கேக்கல," என்றார். "எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது."

மாமா தூக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் எழுந்து, பிரேமை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டார்.

அன்று மாலையே எனக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, உங்க வண்டியை வெளிய எடுக்காதீங்க. நான் பாத்தது பூரா சந்தேகம். திருப்பிக் கொண்டாங்க." எனக்கு மட்டுமில்லை. நினைவில் இருந்த அத்தனை பேருக்கும் போட்டிருக்கிறார். எதிர்முனையில் பேசுகிறவரின் பதில் அக்காவுக்குச் சரியாகக் கேட்காததால், ஸ்பீக்கரில் போட்டு மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "வரேங்குறாரு", "யோசிச்சு சொல்றேங்குறாரு" என்று உரக்கத் திருப்பிச் சொன்னாராம். ஒருவர் சொன்னதை மட்டும் மாமா சொல்லவில்லை. "என்ன சொன்னாரு?" என்று அக்கா கேட்டதற்கு, "லைன் கட்டாயிடுச்சு," என்றார். அந்த ஆள் சொன்னது, "செவிட்டு மெக்கானிக்கிட்டயா இத்தனை நாள் வண்டியைக் குடுத்தேன்?" என்று. மாமா எங்களிடம் இதைச் சொல்லும்போது அந்தப் பஸ் குரல் அடங்கிப்போயிருந்தது.

வந்த சைக்கிள்களை அக்கா ஒவ்வொன்றாகத் தட்டினார். மாமா எதிரே நாற்காலி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மாற்றம் தெரிந்தால் கையைத் தூக்குவார். என் சைக்கிள் தப்பித்தது. கணக்கு வாத்தியாரின் சைக்கிளில், பெடலுக்குச் சற்று மேலே, மாமாவின் கை உயர்ந்தது. வாத்தியார் அந்தச் சைக்கிளில்தான் மறுநாள் மலைக்குப் போவதாக இருந்தார். அவர் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

அதோடு அக்கா பட்டறையைப் பூட்டிவிட்டார். காது பார்க்கும் இடத்துக்கு மாமாதான் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். உள்ளே அக்கா சும்மா உட்கார்ந்திருக்கிறார். வெளியே இயந்திரம் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருக்கிறது. சோதித்த பெண் காகிதத்தில் ஒரு கோட்டைக் காட்டினார். பாதிவரை மேடாக வந்து, பிறகு பள்ளத்தாக்கில் விழுகிற மாதிரி இறங்கியது.

"கனமான சத்தமெல்லாம் உங்களுக்கு நல்லாக் கேக்குதும்மா. மெல்லிசான, கூர்மையான சத்தம்தான் போயிருக்கு. இரைச்சல்ல வேலை பாத்தீங்களா?"

"படகுக்குள்ள," என்றார் அக்கா.

கூர்மையான சத்தம் போய்விட்டால் 'டிக்'குக்கும் 'பொத்'துக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றும் இல்லை. டிக்கை டிக்காக ஆக்குவதே அந்தக் கூர்மைதானே. இதை விளக்கிச் சொன்னபோது அக்கா அழவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் அழுதார் என்று மாமா சொன்னார். "காது போனதுக்கு அழல. டாக்டரை அனுப்பி வச்சேனேன்னுதான் திரும்பத் திரும்பச் சொன்னா."

காதுக்குள் வைக்கும் கருவி ஒன்று வந்தது. முதல் நாள் வீடே அவருக்குச் சந்தைக்கடை ஆகிவிட்டது. குழாய் சொட்டுவது, பாலித்தீன் பை கசங்குவது, பக்கத்து வீட்டில் யாரோ நகம் வெட்டுவது, எல்லாம் கேட்டது. அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று இருந்தது. மாமாவை ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பியவர், அப்படியே நின்றார்.

"இப்ப என்ன முணுமுணுத்தீங்க?"

மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒண்ணுமில்லையே."

"என் வாயை ரெசின் போட்டு ஒட்டணும்னு சொன்னீங்க. அடப்பாவி மனுஷா! இத்தனை வருஷமா இப்படித்தான் முணுமுணுத்துக்கிட்டு இருந்தீங்களா?"

மாமா எங்களிடம் வந்து குமுறினார். "எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்பா. அதுக்கும் வேட்டு வச்சிட்டாங்க."

ஆனாலும் அக்காவுக்கு அந்தக் கருவியை நம்பிப் பிரேமைத் தட்டத் துணிவு வரவில்லை. எல்லாமே தகரத்தைத் தட்டியது போலக் கேட்கிறது என்றார். ஒருநாள் மாமாவிடம் சொல்லாமல் டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போனார். உள்ளே வேறொரு டாக்டர் பல் பார்த்துக்கொண்டிருந்தார். நம் டாக்டர் கட்டுப் போட்ட கையோடு முன்னறையில், வேலை இல்லாமல், பழைய பல் மாதிரிகளை இடது கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னாலதான் உங்க கை இப்படிக் கெடக்கு," என்றார் அக்கா. "மன்னிச்சிருங்கன்னு கேக்கறதுக்குக்கூட வாய் வரல."

டாக்டர் உட்காரச் சொன்னார். "கோவம் இருக்கு. இல்லன்னு சொன்னா பொய். பல் டாக்டரை உக்கார வச்சுட்டீங்க. நீங்க எல்லாருக்கும் போன் போட்டீங்கன்னு வாத்தியார் சொன்னாரு. அதுக்கப்புறம் கோவத்தை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல."

சும்மா இருக்கும் கை அக்காவுக்குப் பழக்கமில்லை. மேஜை மேலிருந்த ஒரு பொருளை எடுத்தார். மாவுக்கட்டுப் போடும் மாவில் வார்த்த பல்வரிசை. அதன்மேல் கண்ணாடி மாதிரி ஒரு உறை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"இது என்னது டாக்டர்?"

"தூக்கத்துல பல்லைக் கடிக்கிறவங்களுக்கு. கடிக்காதேன்னு சொல்லிப் பிரயோஜனம் இல்ல, அவங்க தூங்குறாங்க. பல்லு தேஞ்சப்புறம் அடைச்சும் பிரயோஜனம் இல்ல. அதனால நடுவுல இதை மாட்டிவிட்டுடறோம். கடியெல்லாம் இது வாங்கிக்கும்."

அக்கா உறையைக் கழற்றி விரல்களுக்கு நடுவே அழுத்தினார். "வெளிய கெட்டியா இருக்கு. உள்பக்கம் மெத்துன்னு இருக்கு."

"ரெண்டு படலம். கெட்டி மட்டும் போட்டா அடி அப்படியே பல்லுல எறங்கிடும். மெத்து மட்டும் போட்டா ஒரே வாரத்துல கடிச்சுத் துப்பிடுவாங்க."

அக்கா நிமிர்ந்தார். டாக்டரும் நிமிர்ந்தார். யாருக்கு முதலில் தோன்றியது என்று இன்றைக்கும் இருவரும் ஒத்துக்கொள்வதில்லை. "கீழ்க்குழாய்க்கு?" என்று ஒருவர் கேட்க, "ஏன் முடியாது?" என்று மற்றவர் சொன்னதாக மட்டும் தெரியும்.

பட்டறை திறந்தது. முதலில் கல் எங்கே அடிக்கிறது என்று தெரிய வேண்டும் என்றார் அக்கா. என் சைக்கிளைப் பிடுங்கி, பிரேம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார். பேய் சைக்கிள் மாதிரி ஆனது. "போய் எறங்கிட்டு வாங்க," என்றார். அக்கா மலைப்பாதைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு வளைவில் உட்கார்ந்து, நான் இறங்குவதைப் பார்த்தார். கீழே வந்ததும் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தோம். சுண்ணாம்பு பெயர்ந்த இடங்கள் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தன. கீழ்க்குழாயின் மேல்பாதியில் அங்கொன்றும் இங்கொன்றும். பெடலுக்கு முன்னால் உள்ள ஒரு சாண் நீளத்தில் அம்மை போட்டது போல. செயின் ஓடும் பின்குழாயில் செயின் துள்ளித் துள்ளி அடித்துச் சுண்ணாம்பே இல்லை.

"தாளை மேலேர்ந்து ஒட்டிட்டு வந்து, இந்தக் கீழ்ப்பக்கத்துலதான் எல்லாரும் முடிச்சுடறீங்க," என்றார் அக்கா. "அடி பூராவும் இங்கதான் விழுது."

சோதிக்க ஒரு பிரேம் வேண்டும். டாக்டரின் முறிந்த பிரேம் மூலையில் கிடந்தது. அதை எடுக்க அக்கா தயங்கினார். டாக்டர்தான், "அது மேலயே போட்டுப் பாருங்க. அதாவது ஒரு வேலைக்கு ஆகட்டும்," என்றார். ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சுவரில் செங்குத்தாகக் கட்டி, அதற்குள் கல்லை நழுவவிட்டு, பிரேமின் நல்ல பகுதிகளில் விழச் செய்தார்கள். தாள் மட்டும் ஒட்டிய இடத்தில் கீறலே இல்லை, உள்ளே 'பொத்'. கையைத் தூக்கியது மாமா. கெட்டி பிளாஸ்டிக் மட்டும் போட்ட இடத்தில் உறை உடையவில்லை. அடியில் கார்பன் உடைந்தது. வெறும் ரப்பர் ஒட்டியது தாங்கியது, ஆனால் தூக்கிப் பார்த்த எலக்ட்ரீஷியன், "இதுக்கு நான் இரும்புச் சைக்கிளே வாங்கியிருப்பேன்," என்றார்.

கடைசியில் டாக்டர் சொன்ன மாதிரியே ஆயிற்று. உள்ளே செருப்பின் அடியில் போடும் மெத்தை ரப்பர், வெளியே சூடுகாட்டி வளைத்த கெட்டி பிளாஸ்டிக். குழாயை மாவில் அச்சு எடுத்து, அதன்மேல் பிளாஸ்டிக்கை இளக்கிப் படியவைப்பது அக்காவுக்குக் கைவந்த கலை, படகு செய்தவராயிற்றே. பசை போட்டு ஒட்டாமல், பட்டையால் இழுத்துக் கட்டும்படி செய்தார். "கழட்டிப் பாக்க முடியணும். மூடி வச்சா என்ன ஆகும்னுதான் பாத்துட்டமே," என்றார். பின்குழாய்க்கு வெறும் ரப்பர் போதும் என்று தனியாக ஒன்று.

முதல் உறை என் சைக்கிளுக்குத்தான் வந்தது. எனக்கு ஒரே பெருமை. மழைக்காலம் முழுக்க ஓட்டினேன். கழற்றிப் பார்க்கவே இல்லை. ஒருநாள் அக்கா தானாகவே பட்டையை அவிழ்த்தார். உள்ளே சேறும் மணலும் புகுந்து, ஒவ்வொரு அதிர்வுக்கும் அரைத்து அரைத்து, பெயின்ட் போய், உப்புத்தாளால் தேய்த்த மாதிரி நார் தெரிந்தது.

"வெளிய கல்லுக்குத் தடுப்பு. உள்ள நீங்களே அம்மிக் கல்லு வச்சு அரைச்சிருக்கீங்க," என்றார்.

"அக்கா, உறை சரியில்லையோன்னு…"

"உறையும் சரியில்ல, நீங்களும் சரியில்ல." பிறகு அதற்கும் வழி செய்தார். விளிம்பைச் சுற்றி ஒரு பஞ்சுப் பட்டை, தண்ணீர் வடியக் கீழ்முனையில் ஒரு துளை. அதோடு, உறை வாங்க வந்த ஒவ்வொருவரிடமும், மழையில் ஓட்டினால் கழற்றிக் கழுவுவேன் என்று வாயால் சொல்லவைத்தார். சொன்னோம். செய்தவர்கள் குறைவு. நேரில் கண்டால் இன்றைக்கும் வசவு விழும்.

டாக்டரின் தோள் கூடி வந்தது. மறுபடி பல் பிடுங்க ஆரம்பித்தார். ஆனால் சைக்கிள் பக்கம் வரவில்லை. புது பிரேம் வாங்கி, அக்கா செய்த உறையும் போட்டு, அது அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நின்றது. நாங்கள் கூப்பிட்டுப் பார்த்தோம். "நேரம் இல்ல" என்பார். பயம் என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்.

"பயமா டாக்டர்?"

"ஆமாக்கா."

"எனக்கும்தான். இத்தனை உறை செஞ்சுட்டேன், ஒண்ணுகூட நிம்மதியாக் குடுத்து அனுப்பல. நீங்க எறங்கறதை நான் நேர்ல பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் மலைக்குப் போனோம். மாமாவும் வந்தார். அக்கா படிப்பாறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். டாக்டர் மேலே போய் வெகுநேரம் நின்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்டது.

காதில் கருவியோடு அக்கா ஒரு சைக்கிள் இறங்குவதைக் கேட்டது அன்றுதான். முன்பு குடை பிடித்து உட்கார்ந்திருந்தபோது கருவியைக் கழற்றி வைத்திருந்ததால், அவருக்குச் சக்கரத்தின் உறுமல் மட்டும்தான் கேட்டிருக்கிறது. இப்போது கல் ஒவ்வொன்றும் தெறித்து விழுவது கேட்டது. டாக்டர் வளைவைத் தாண்டி வரும்போது, முன்சக்கரத்திலிருந்து ஒரு கல் கிளம்பிக் குழாயில் 'டப்' என்று மோதியது. அக்கா மாமாவின் கையை இறுக்கிப் பிடித்தார். சக்கரம் படிப்பாறையில் இறங்கியது, குதித்தது, தரையைத் தொட்டது, போய்க்கொண்டே இருந்தது.

கீழே போய் நின்ற டாக்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி வந்தார். முகமெல்லாம் வியர்வை. அக்கா சைக்கிளைக் கவிழ்த்து, பட்டையை அவிழ்த்து, உறையைக் கையில் எடுத்தார். நடுவில் வெள்ளையாக ஒரு குழி. அதிலிருந்து நட்சத்திரம் போல விரிசல். அடியில் குழாய் பளபளவென்று இருந்தது.

"பாத்தா போதாது," என்றார் அக்கா. பையிலிருந்து நாணயத்தை எடுத்தார். சின்ன நாணயம்.

மாமா எதிரே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினார். டாக்டர் சைக்கிளுக்குப் பக்கத்தில் குனிந்து காதை வைத்தார். அக்கா மேலிருந்து தொடங்கி, அடிபட்ட இடத்தைத் தாண்டி, பெடல்வரை தட்டினார். மாமாவின் கை உயரவில்லை. அக்கா இன்னொரு முறை தட்டினார். பிறகு மூன்றாவதாக, தனக்காக, மெதுவாக ஒருமுறை.

"டாக்டர்?"

"எல்லாம் ஒரே மாதிரிக்கா. டிக்கு டிக்குன்னு."

"எனக்கும் அப்படித்தான் கேக்குது," என்றார் அக்கா. "தகரம் மாதிரிதான். ஆனா எல்லாம் ஒரே தகரம்."

அவர் வேறொரு உறையை எடுத்து மாட்டினார். பட்டையை இழுத்துக் கட்டியதும் டாக்டர் சைக்கிளை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மறுபடி மேட்டில் தள்ளிக்கொண்டு போனார். மாமா எழுந்து, பின்பக்கத்து மண்ணைத் தட்டிக்கொண்டே வாய்க்குள் ஏதோ சொன்னார்.

"பசிச்சா சத்தமாச் சொல்லுங்க," என்றார் அக்கா, உடைந்த உறையைத் துணியால் துடைத்துக்கொண்டே. "டாக்டர் இன்னும் ஒரு தடவை எறங்கட்டும். அப்புறம் போலாம்."